மான்கொம்புப் பேனாவின் மெருகு

ஸ்காட்லாந்திலும் வட அமெரிக்காவிலும் வீட்டுக் கொட்டகையில் சிறிய லேத் வைத்திருப்பவர்கள் விரும்பிச் செய்யும் பொருட்களில் ஒன்று மான்கொம்புப் பேனா. கொம்புத் துண்டை நீளவாக்கில் துளையிட்டு, உள்ளே பித்தளைக் குழாயை ஒட்டி, லேத்தில் கடைந்து, முனையும் கொக்கியும் பொருத்திவிட்டால் பேனா தயார். கடையும் முறையில் அவர்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. கடைந்தபின் மேற்பரப்பை என்ன செய்வது என்று வரும்போதுதான் ஆளுக்கொரு கட்சி. பசை பூசு என்பார் ஒருவர், மெழுகு போதும் என்பார் இன்னொருவர், எதுவுமே வேண்டாம், தேய்த்தாலே போதும் என்பவரும் உண்டு.

சோழவந்தானில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கேள்வியை எடுத்து அலச எனக்கு இரண்டு காரணங்கள். நம் நாட்டில் மான்கொம்பில் பேனா செய்ய முடியாது, சட்டம் அனுமதிக்காது. அது சரியான சட்டம் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தப் பேனாவின் மெருகைப் பற்றி உலகெங்கும் கைவினைஞர்கள் தேடிச் சேர்த்த அறிவு, நம் தோப்பில் நிற்கும் தென்னைக்கும் பனைக்கும் அப்படியே பொருந்துகிறது. இதை நம் பக்கத்துக் கடைசல்காரர்களும் பேனா பிரியர்களும் அறிந்துகொண்டால் நல்லது.

முதலில் பொருளைப் பார்ப்போம். மாட்டுக்கும் ஆட்டுக்கும் இருப்பது ஒருவகைக் கொம்பு. நடுவில் எலும்பு, அதன்மேல் உறைபோல நகத்தையும் முடியையும் ஆக்கிய அதே கெரட்டின். அது வாழ்நாள் முழுக்க வளரும், உதிராது. நம் சமவெளியில் திரியும் வெளிமான் பெயரில் மானாக இருந்தாலும் அதன் கொம்பு இந்த வகைதான். புள்ளிமானுக்கும் கடமானுக்கும் இருப்பது வேறு. அது முழுக்க முழுக்க எலும்பு. ஆண் மானுக்கு மட்டும் முளைத்து, வெல்வெட் போன்ற தோல் போர்த்தி வளர்ந்து, தோல் உரிந்து, இனப்பெருக்கப் பருவம் முடிந்தபின் உதிர்ந்து மீண்டும் முளைப்பது. கால்சியம் பாஸ்பேட்டும் கொலாஜனும் சேர்ந்த பொருள். உடலின் மற்ற எலும்புகளைவிடத் தாதுப் பங்கு சற்றுக் குறைவு என்பதால் எளிதில் உடையாது. மான்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் ஆயுதமல்லவா, அதற்கேற்ற இழுவை அதில் இருக்கிறது.

பேனா செய்பவருக்கு இதில் முக்கியமான செய்தி குறுக்குவெட்டில் தெரியும். வெளிப்பக்கம் அடர்த்தியான தந்த நிறம். நடுவில் துளை துளையாக, பழுப்பேறிய பஞ்சு எலும்பு. இவை இரண்டுக்கும் நடுவே தெளிவான எல்லை இல்லை. வெளிச்சுற்று சில இடத்தில் தடித்திருக்கும், சில இடத்தில் மெலிந்திருக்கும். கொம்பு வளைந்தது, துளையோ நேரானது. ஆகவே கடையும்போது ஒரு பக்கத்தில் அடர்ந்த எலும்பும் மறுபக்கத்தில் பஞ்சுப் பகுதியும் வெளிப்படுவது தவிர்க்க முடியாதது. மெருகு பற்றிய சண்டைகள் பெரும்பாலும் இங்கிருந்தே பிறக்கின்றன. ஒருவர் நல்ல அடர்ந்த கொம்பைக் கடைந்துவிட்டு மேற்பூச்சு எதற்கு என்கிறார். மற்றவர் துளைகள் திறந்த துண்டைக் கடைந்துவிட்டுப் பூச்சில்லாமல் எப்படி என்கிறார். இருவர் சொல்வதும் அவரவர் கையில் இருந்த துண்டுக்கு உண்மை.

இனி சட்டம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டு விலங்கின் உடற்பாகங்களை வரையறுக்கும்போது கொம்பையும் எலும்பையும் பல்லையும் நகத்தையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. காட்டு விலங்கிலிருந்து வந்தவை அரசின் சொத்து. மானைக் கொன்று எடுத்ததா, தானாக உதிர்ந்ததைப் பொறுக்கியதா என்ற வேறுபாடு எடுத்தவரைக் காப்பாற்றாது. ஒரு காலத்தில் உதிர்ந்த புள்ளிமான், கடமான் கொம்புகளும் அவற்றில் செய்த பொருட்களும் இந்தியாவிலிருந்து ஏற்றுமதியானது உண்டு. கத்திப்பிடி, பொத்தான் என்று போய்க்கொண்டிருந்த அந்த வணிகம் 1990களின் இறுதியில் தடைசெய்யப்பட்டது. வீட்டில் இருக்கும் பழைய பொருட்களை அறிவித்துச் சான்று பெற 2003-இல் ஒரு வாய்ப்புத் தரப்பட்டது. அப்போது அறிவிக்காத கொம்பு, தாத்தா காலத்துச் சுவரில் மாட்டியதாக இருந்தாலும் சிக்கல்தான்.

நம் பக்கத்தில் மான்கொம்புத் துண்டை வீட்டில் வைத்திருந்து, கல்லில் இழைத்து வீக்கத்துக்குப் பூசும் பழக்கம் இருந்தது. சித்த மருத்துவத்தில் சிருங்கி பற்பம் மான்கொம்பிலிருந்து செய்யப்பட்டது. ஆகவே கொம்பின்மேல் ஊருக்கு ஒரு பற்று இருப்பது இயல்பு. உதிர்ந்த கொம்பை எடுத்தால் மானுக்கு என்ன நட்டம் என்று கேட்பவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். காட்டில் எதுவும் வீணாகக் கிடப்பதில்லை. உதிர்ந்த கொம்பை முள்ளம்பன்றியும் எலிகளும் ஏன், மான்களேகூடக் கடித்துத் தாதுச்சத்துப் பெறுகின்றன. அதைவிடப் பெரிய காரணம், மெருகேற்றிய பேனாவைக் கையில் வைத்துப் பார்த்து இது உதிர்ந்த கொம்பா, வெட்டிய கொம்பா என்று யாராலும் சொல்ல முடியாது. சந்தை ஒன்று திறந்துவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூர், மேகமலைக் காடுகளில் கடமானுக்குக் கண்ணி வைப்பவனுக்கு ஒரு வாடிக்கையாளர் கிடைத்துவிடுவார். அழகான பேனா ஒன்றுக்காக அந்தக் கதவைத் திறக்க வேண்டியதில்லை. சிவப்பு மான் பெருகிவிட்டதால் ஆண்டுதோறும் சட்டப்படி சுட்டுக் குறைக்கும் ஸ்காட்லாந்தின் கணக்கு வேறு, நம் கணக்கு வேறு.

அங்கே அவர்கள் செய்யும் முறைக்கு வருகிறேன். அதிகம் விற்கும் மெல்லிய பேனாக் கருவித் தொகுப்பில் 7 மி.மீ. பித்தளைக் குழாய் வரும். கொம்புத் துண்டை மெதுவாக, அடிக்கடி துரப்பணத்தை வெளியே இழுத்துத் தூளை அகற்றித் துளையிட வேண்டும். அவசரப்பட்டால் சூடேறி, எலும்பு கருகிய நாற்றம் வரும், கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். அந்த விரிசல் கடைசி மெருகின்போதுதான் கோடாகத் தெரியவரும். குழாயை ஒட்டுமுன் அதன் வெளிப்புறத்தில் வெள்ளையோ பழுப்போ வண்ணம் அடிப்பவர்கள் கெட்டிக்காரர்கள். மெலிந்த எலும்பு ஒளியைக் கசியவிடும், பித்தளையின் மினுக்கு உள்ளிருந்து தெரியும்.

கடைந்த பிறகு முதல் வேலை துளைகளை அடைப்பது. நீர்போல இளகிய சயனோஅக்ரிலேட் பசையைச் சொட்டவிட்டால் அது பஞ்சு எலும்புக்குள் உறிஞ்சப்படும். பெரிய குழிகளில் கொம்பைக் கடைந்த தூளையே திணித்து அதன்மேல் பசை விடுவார்கள். இந்தப் பசை நமக்குப் புதிதல்ல. பெட்டிக்கடையில் தொங்கும் ஃபெவிக்விக் அந்தக் குடும்பம்தான். 1942-இல் அமெரிக்காவில் கோடாக் நிறுவன ஆய்வாளர் ஹாரி கூவர் கண்ணில் பட்டு, எங்கும் ஒட்டிக்கொள்கிறது என்று ஒதுக்கப்பட்டு, 1958-இல்தான் சந்தைக்கு வந்தது. காற்றின் ஈரம் பட்டு இறுகும் இயல்புடையது. ஐப்பசி மழையில் மதுரைப் பக்கம் இதைப் பயன்படுத்துபவர்கள் மேலே வெண்ணிறப் புகைபோலப் படிவதைப் பார்க்கலாம். ஈரம் கூடி, பசையின் ஆவி மேற்பரப்பில் படிவதால் வருவது அது. வெயிலடிக்கும் நேரத்தில், காற்றோட்டமான இடத்தில், மெல்லிய அடுக்காகப் பூசுவதே வழி.

அடைத்தபின் தேய்ப்பு. இதில்தான் பேனா பிழைக்கும் அல்லது கெடும். 150-இல் தொடங்கி 220, 320, 400, 600 என உப்புத்தாள் ஏறுவரிசை. ஒவ்வொரு எண் முடிந்ததும் லேத்தை நிறுத்தி, பேனாவின் நீளவாக்கில் அதே தாளால் ஓரிரு முறை இழுக்க வேண்டும். சுழற்சியில் விழுந்த வளையக் கீறல்களை இந்த நீளத் தேய்ப்பு வெட்டிவிடும். ஓர் எண்ணைத் தாவினால் அடுத்த எண் அதைச் சரிசெய்யாது. பளபளப்பு கூடக்கூட அந்தக் கீறல்தான் முன்னால் வந்து நிற்கும். 600-க்குப் பிறகு துணி முதுகுள்ள மெல்லிய தேய்ப்பட்டைகள் 1500-இலிருந்து 12000 வரை ஒன்பது படிகளாக வருகின்றன. பெரும்பாலோர் அவற்றை நீரில் நனைத்துப் பயன்படுத்துகிறார்கள்.

மான்கொம்பில் நீர் ஆபத்து. பழங்காலக் கைவினைஞர்கள் கொம்பைச் செதுக்குவதற்காகவே நீரில் ஊறவைத்து இளக்கினார்கள். துளை அடைக்காத கொம்பில் நீர்த்தேய்ப்புச் செய்தால் எலும்பு ஊறும், தேய்ந்த கறுப்புச் சேறு துளைகளில் இறங்கும், பிறகு எதனாலும் வெளியே வராது. நம் கடைகளில் வாட்டர் பேப்பர் என்று கிடைப்பது பெரும்பாலும் கறுப்புத் தாள். கார் பெயின்ட் வேலைக்கு அருமையானது, வெள்ளை எலும்புக்கு எதிரி. வெளிர்நிறத் தாளை உலர்வாகப் பயன்படுத்தி, ஒவ்வொரு படிக்கும் காற்றடித்துத் துடைப்பது பாதுகாப்பு. இன்னொரு கறையும் உண்டு. பேனாவின் இரு முனையிலும் அளவுக்காக மாட்டும் எஃகு வளையங்களின்மேல் உப்புத்தாள் பட்டால் சாம்பல்நிற இரும்புத்தூள் வந்து எலும்பின் ஓரங்களில் ஏறும். தேய்ப்புக்கு முன் அந்த வளையங்களைக் கழற்றிவிட்டு பிளாஸ்டிக் கூம்புகளுக்கு நடுவே பேனாவைப் பிடிப்பவர்கள் இதிலிருந்து தப்பிக்கிறார்கள்.

எலும்புத் தூளைப் பற்றிச் சொல்லாமல் போகக் கூடாது. அது மாவுபோல மெலிது, நுரையீரலுக்குள் இறங்கும். நல்ல முகக்கவசமும் தூளை உறிஞ்சும் ஏற்பாடும் இல்லாமல் மாடு, எருமை எலும்பைக்கூட யாரும் லேத்தில் வைக்க வேண்டாம்.

இதற்குப் பிறகுதான் மேற்பூச்சுக் கட்சிகள். சயனோஅக்ரிலேட்டையே ஆறு முதல் பத்து அடுக்கு பூசி, மறுபடி தேய்த்துக் கண்ணாடியாக்குவது ஒன்று. பார்க்கக் கவர்ச்சி, வியர்வை ஏறாது. ஆனால் கையில் படுவது பிளாஸ்டிக். எலும்பின் குளிர்ச்சியும் லேசான சொரசொரப்பும் போய்விடும். ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்தால் சரிசெய்வதும் கடினம். இரண்டாவது, அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து மெழுகு சேர்த்த உராய்வு மெருகு. சுழலும் பேனாவில் துணியால் அழுத்தினால் சூட்டில் இறுகிப் பளபளக்கும். கண்காட்சிக்கு நன்று. நாள் முழுக்க எழுதும் ஈரக்கையில் சில மாதத்தில் மங்கும். மூன்றாவது, பஃபிங் சக்கரத்தில் மெருகுக் கட்டியைப் போட்டுத் தேய்த்து மெழுகு மட்டும் ஏற்றுவது. தேன்மெழுகு 62 முதல் 65 டிகிரி செல்சியசில் உருகும், பிரேசில் பனையொன்றின் இலையில் எடுக்கும் கர்னோபா மெழுகு 80-ஐத் தாண்டித்தான் உருகும். சித்திரை வெயிலில் காருக்குள் விட்ட பேனாவுக்கு எது ஏற்றது என்பதில் ஐயமில்லை. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 1950களில் தன் சேகரிப்புகளுக்காக உருவாக்கிய நுண்படிக மெழுகையும் பலர் விரும்புகிறார்கள். நாள்பட்டால் அமிலமாக மாறிப் பொருளை அரிக்காது என்பது அதன் சிறப்பு.

இவற்றை எல்லாம் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்துவது தவறு என்பது என் முடிவு. பசை துளைக்குள் போக வேண்டியது, மெழுகு மேலே இருக்க வேண்டியது. துளை திறந்த இடத்தில் பசையை உறிஞ்சவிட்டு, மேலே தங்கியதை உப்புத்தாளால் எலும்பு தெரியும்வரை தேய்த்தெடுத்து, பிறகு மெழுகு ஏற்றிய பேனா, கைக்கு எலும்பாகவும் கறைக்கு அடைத்ததாகவும் இருக்கும். கொம்பின் இயற்கையான பழுப்புத் தோலைச் சில இடங்களில் கடையாமல் விட்டுவைத்த பேனாக்களுக்கு இது இன்னும் பொருந்தும். அந்தப் பள்ளங்களில் பசை தேங்கினால் அசிங்கமாக மின்னும். மென்தூரிகையால் மெழுகு போட்டுத் துடைத்தால் அழகாக இருக்கும்.

இந்த அறிவுக்கு நம்மிடம் பழைய வேர் இருக்கிறது. கீழடியில் 2015 முதல் நடந்துவரும் அகழாய்வுகளில் எலும்பு முனைகளும் தந்தச் சீப்பும் தந்தத் தாயக்கட்டையும் கிடைத்திருக்கின்றன. சோழவந்தானைத் தொட்டுக்கொண்டு ஓடும் இதே வைகை மதுரையைக் கடந்து போகிற வழியில் உள்ள ஊர் அது. எலும்பையும் தந்தத்தையும் அறுக்கவும் தேய்க்கவும் தெரிந்தவர்கள் இந்த ஆற்றங்கரையில் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே இருந்தார்கள். எழுதுகோல் என்று பார்த்தால், ஓலையில் எழுதியவர்களின் மடக்கெழுத்தாணிக்குத் தந்தத்திலும் கொம்பிலும் மரத்திலும் பிடி போட்டார்கள். அருங்காட்சியகங்களில் அவற்றைப் பார்க்கும்போது பிடியின் நிறத்தைக் கவனியுங்கள். தேன்நிறமாக ஆழ்ந்திருக்கும். கை எண்ணெய் எலும்பிலும் தந்தத்திலும் மெல்ல ஊறி ஏற்றிய மெருகு அது. பத்து அடுக்குப் பசைக்கு அடியில் அது நடக்காது.

கடைசல் மரபும் அப்படித்தான். கர்நாடகத்துச் சென்னபட்டணத்தில் மரப்பொம்மை கடைபவர்கள் சுழலும் மரத்தின்மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்துகிறார்கள். உராய்வுச் சூட்டில் அரக்கு இளகிப் பரவுகிறது. பிறகு தாழை மடலை வைத்து அழுத்தியதும் பளிச்சென்று மின்னுகிறது. அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. வெளிநாட்டு லேத்காரர்கள் குப்பியில் வாங்கும் உராய்வு மெருகும் இதுவும் ஒரே கொள்கை. நம்முடையதில் ஸ்பிரிட் இல்லை, அரக்கு நேரடியாக உருகுகிறது, அதனால் படலம் தடிமனாகவும் உறுதியாகவும் நிற்கிறது.

பேனாவுக்கென்று நம் நாட்டில் கைலேத் மரபு உருவானது எபனைட்டில். ரப்பரோடு கந்தகத்தை நிறையச் சேர்த்து வேகவைத்து இறுக்கிய பொருள் அது. ராஜமுந்திரியில் கே.வி. ரத்னம் 1930களில் செய்த பேனா ஜே.சி. குமரப்பா வழியாகக் காந்தியின் கைக்குப் போனது. அதை எழுதிப் பார்த்து, கடைவீதியில் காணும் வெளிநாட்டுப் பேனாக்களுக்கு நல்ல மாற்று என்று பாராட்டிக் காந்தி 1935 ஜூலையில் கடிதம் எழுதினார். அந்தக் குமரப்பாதான் பிற்காலத்தில் நம் மாவட்டத்து தே.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தங்கியிருந்து, 1960 ஜனவரி 30 அன்று மதுரையில் காலமானவர். கிராமத்துப் பொருளைக் கொண்டு கிராமத்துக் கை செய்யும் பொருள் உலகத் தரத்தில் இருக்க வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க வாதிட்ட மனிதர். இன்று திருவள்ளூர் ரங்கா பேனாக்கள் எபனைட்டில் கையால் கடைந்து உலகெங்கும் போகின்றன.

எபனைட்டின் மெருகில் கவனிக்க வேண்டியது, அதற்கு மேற்பூச்சே கிடையாது. துளை இல்லாத பொருள், ஆகவே அடைக்கவும் ஒன்றுமில்லை. உப்புத்தாளும் பஃபிங்கும் மட்டும். வெயிலில் வைத்தால் கந்தகம் ஆக்சிஜனேற்றமாகிப் பழுப்பேறும். மறுபடி லேத்தில் ஏற்றித் தேய்த்தால் கறுப்பு திரும்பிவிடும். பூச்சு இல்லாததால்தான் பழுதுபார்ப்பு இவ்வளவு எளிது.

மான்கொம்புக்குப் பதிலாக எருமைக் கொம்பை எடுக்கலாம். வளர்ப்பு விலங்கின் துணைப்பொருள் என்பதால் மேற்சொன்ன தடை இல்லை. உத்தரப் பிரதேசத்தின் சம்பலில் கொம்பும் எலும்பும் பெரிய கைத்தொழில். கொம்பின் நுனி கெட்டியாக இருப்பதால் பேனாவுக்கு அந்தப் பகுதியே உகந்தது. இதுவும் எபனைட் மாதிரி பூச்சு கேட்காது. மென்சுண்ணப் பொடியைத் துணியில் போட்டுத் தேய்த்தாலே கண்ணாடி மெருகு வரும். ஈரத்துக்கேற்ப லேசாக அசையும், சூட்டில் வளையும் என்பதால் பஃபிங் சக்கரத்தில் அழுத்திப் பிடிக்கக் கூடாது. பூச்சி அரிக்கும், எனவே ஆண்டுக்கொருமுறை எண்ணெய்க் கையால் துடைத்து வைப்பது நல்லது.

எனக்கு இவற்றைவிட ஆர்வம் தருவது நம் மரங்கள். சோழவந்தானுக்கு வெற்றிலைக் கொடிக்காலும் தென்னந்தோப்பும்தான் அடையாளம். வெற்றிலைக்குப் புவிசார் குறியீடும் வந்துவிட்டது. காய்ப்பு ஓய்ந்த தென்னையை வெட்டினால் அது வாய்க்காலுக்குக் குறுக்கே பாலமாகக் கிடக்கும், அல்லது செங்கல் சூளைக்குப் போகும். அந்த அடிமரத்தை அறுத்து முகத்தைப் பாருங்கள். வெளிச்சுற்று ஒரு கன மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல் அடர்த்தி, கறுப்புப் புள்ளிகள் நெருங்கிய வைரம். நடுவில் 400 கிலோவுக்கும் கீழான சோறு. மான்கொம்பின் குறுக்குவெட்டும் இதே அமைப்பு. பனையில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மை. வைரம் கருங்கோடுகளாக ஓடும், உள்ளே ஒன்றுமில்லை.

ஆகவே மான்கொம்புக்காரர்கள் கண்டுபிடித்த வரிசை இங்கே மாறாமல் செல்லும். வெளிவைரத்தில் மட்டும் துண்டெடுக்க வேண்டும். நார்க்கற்றைகள் உளியைச் சீக்கிரம் மழுக்கும் என்பதால் அடிக்கடி சாணை பிடிக்க வேண்டும். மழுங்கிய உளி நாரை வெட்டாமல் பிடுங்கும், பிடுங்கிய குழியை எந்த மெருகும் மறைக்காது. கற்றைகளுக்கு நடுவேயுள்ள மெத்தென்ற திசுவில் இளகிய பசையை ஊறவிட்டு இறுக்கி, தேய்ப்பை உலர்வாகச் செய்து, மேலே கர்னோபா மெழுகு. மான்கொம்பில் கறுப்புத் தூள் கறையாவதுபோல இங்கே கறுப்பு நாரின் தூள் வெளிர் திசுவில் ஏறும். தேய்ப்புத் தொடங்குமுன் ஒருமுறை பசையூட்டி அடைத்துவிட்டால் அந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

சிரட்டையில் ஏன் செய்யக்கூடாது என்று கேட்பார்கள். அதன் கனம் சில மி.மீ. மட்டுமே, வளைவும் அதிகம். முழுப் பேனாவுக்குப் போதாது. வளையமாக அறுத்துப் பேனாவின் நடுவிலோ மூடியின் விளிம்பிலோ பதிக்க ஏற்றது. சிரட்டையின் அடர்த்திக்குப் பூச்சே வேண்டியதில்லை, 600-ஆம் தாளுக்கு மேல் தேங்காயெண்ணெயும் துணியும் போதும்.

மைப்பேனா செய்பவர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. நிப்பைத் தாங்கும் கழுத்துப் பகுதியை மரத்திலோ எலும்பிலோ செய்தால் மை அதில் ஊறும், கறை நிரந்தரமாகிவிடும். அந்தப் பகுதியை எபனைட்டில் கடைந்து, உடலை மட்டும் பனைவைரத்தில் வைப்பதே சரி. இரண்டும் சேரும் மூட்டில் எபனைட் ஒரு மயிரளவு உயர்ந்திருக்க விட வேண்டும். மரம் மார்கழிப் பனியில் சற்று உப்பும், பங்குனியில் சுருங்கும். சமமாகத் தேய்த்துவிட்டால் முதல் மழைக்காலத்திலேயே விரலில் விளிம்பு தட்டும்.